நாக்கில் வைக்காத மண்

எனக்கு மண் தின்னும் பழக்கம் இருந்தது. சிரிக்க வேண்டாம். சம்பளம் வாங்கிக்கொண்டு தின்றேன்.

எழுபதுகளின் நடுவில் செங்கல்பட்டில் ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். கூடம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ளக் கூடாது. ஓடு போட்ட பழைய கட்டடம், இரண்டு அறைகள், சுவரோரம் மரத் தட்டுகள், தட்டு நிறையத் துணிப்பைகள். ஒவ்வொரு பையிலும் யாரோ ஒருவருடைய நிலத்திலிருந்து வந்த இரண்டு பிடி மண். சரக்கு ரயில் போனால் மேஜை மேலிருக்கும் கண்ணாடி ஜாடிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு கிணுகிணுக்கும். அதைத் தவிர அங்கே சத்தம் என்று ஒன்றும் கிடையாது.

என் வேலை மண் நயம் பார்ப்பது. எந்த மண்ணையும் பிரித்தால் மூன்றுதான்: மணல், வண்டல், களி. மணல் கண்ணுக்குத் தெரியும், விரலில் நறநறக்கும். வண்டல் மாவு மாதிரி. களி அதைவிடப் பொடி, ஈரம் பட்டால் பிசின் மாதிரி ஒட்டும். ஒரு பிடி மண்ணில் எது எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் போதும். அந்த நிலத்தில் தண்ணீர் நிற்குமா, ஓடிவிடுமா, கோடையில் பாளம் பாளமாக வெடிக்குமா, ஏர் இறங்குமா, எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். உரம் போட்டு மண்ணின் சத்தைக் கூட்டலாம். நயத்தை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. என் முன்கோபம் மாதிரி, அது பிறவியிலேயே வந்தது.

பார்க்கும் முறை ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. எலுமிச்சங்காய் அளவு மண்ணை உள்ளங்கையில் வைத்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, சப்பாத்தி மாவைப் பிசைவதுபோலப் பிசைய வேண்டும். பிறகு கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நசுக்கி, நாடாவாக இழுக்க வேண்டும். இழுக்கும்போதே உதிர்ந்தால் மணல். இரண்டு அங்குலம், மூன்று அங்குலம் என்று ஒடியாமல் தொங்கினால் களி. அதே மண்ணை ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, அசையாமல் வைப்போம். மணல் ஒரு நிமிடத்தில் கீழே போய் உட்கார்ந்துவிடும். வண்டல் கொஞ்சம் மெதுவாக இறங்கும். களிக்கு அவசரமே கிடையாது. ஒரு நாள், இரண்டு நாள் என்று தண்ணீரைக் கலங்கலாகவே வைத்திருக்கும்.

விரல் ஒன்று சொல்லி, புட்டி வேறொன்று சொன்னால்? அங்கேதான் வாய் வருகிறது. ஒரு துளி மண்ணை முன்பல்லில் வைத்து மெல்ல அரைத்தால், வண்டல் நெருநெருவென்று கடிபடும், களி வெண்ணெய் மாதிரி வழுக்கிவிடும். எங்கள் அதிகாரி வேலையில் சேர்ந்த முதல் வாரமே சொல்லிவிட்டார்: "சந்தேகம் வந்தா வாயில போட்டுப் பாத்துடுங்க. பல்லு பொய் சொல்லாது." எனக்குச் சந்தேகம் இல்லாவிட்டாலும் போட்டுப் பார்ப்பேன். கருங்குழிச் செம்மண், திருக்கழுக்குன்றத்து மலையடிவாரத்துச் சரளை, மதுராந்தகம் பக்கத்து ஏரிக்களி என்று ஜில்லாவில் பாதி என் நாக்கில் பட்டிருக்கிறது. அதில் எனக்குப் பெருமை வேறு.

பெருமைப்பட எனக்கு வேறு என்ன இருந்தது? கூடத்தில் நான் ஒருத்திதான் பெண். மத்தியானம் ஆண்கள் நாலு பேரும் முன் அறையில் உட்கார்ந்து, ஒருத்தர் டப்பாவில் ஒருத்தர் கை விட்டுச் சாப்பிடுவார்கள். நான் பின் அறையில், மண் தட்டுகளுக்கு நடுவே, சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவேன். அவர்கள் கூப்பிட மாட்டார்கள், நானும் போக மாட்டேன். குடியிருந்தது ஒரு வீட்டின் பின்கட்டில், ஒற்றை அறையில். அம்மா அப்பா இல்லை. மெட்ராஸில் இருந்த அண்ணன் மாதம் ஒரு கார்டு போடுவான். கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்து இரண்டு முறையும் நின்றுபோன பிறகு, கார்டில் அதைப் பற்றி எழுதுவதையும் விட்டுவிட்டான். சனிக்கிழமை மத்தியானம் அறைக்கு வந்து கதவைச் சாத்தினால், திங்கட்கிழமை காலை வரை என் குரலை நானே கேட்டதில்லை. தனிமை என்று சொல்லக்கூட ஆளில்லாத தனிமை அது. அதனால் ஜாடிகளோடு பேசுவேன். "சீக்கிரம் எறங்கித் தொலையேன், உனக்கென்ன மாமியார் வூட்டு விருந்தா?" என்று களியைத் திட்டுவேன். அது அசையாது.

அந்தப் பங்குனியில் ஒரு காகிதம் வந்தது. மாமல்லபுரத்துக் கடலோரத்தில் ஒரு சிற்றூர். மழைநீர் தேக்கக் குளம் ஒன்று வெட்டித் தர உத்தரவாகியிருந்தது. ஒன்றே ஒன்று. ஊர்க்காரர்கள் ஊருக்குத் தெற்கே ஓர் இடத்தைக் காட்டியிருந்தார்கள். காலனிக்காரர்கள் தங்கள் காலனியை ஒட்டி ஓர் இடத்தைக் காட்டியிருந்தார்கள். எந்த இடத்து மண்ணில் தண்ணீர் நிற்கும் என்று பார்த்து எழுத வேண்டும். கூடத்தில் மண்ணைத் தண்ணீரில் கலக்கும் மெஷின் ரிப்பேராகிக் கிடந்ததால், போன இடத்திலேயே புட்டி வைத்துப் பார்த்து எழுதிவிடச் சொன்னார் அதிகாரி. காய்ச்சி வடித்த தண்ணீர் ஒரு கேன், புட்டிகள், பைகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, அட்டெண்டரோடு பஸ் ஏறினேன்.

ஊரில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஒரு பெண் குழி வெட்டிக்கொண்டிருந்தாள். குழி தோண்டத் தினக்கூலிக்கு அமர்த்தப்பட்டவள். காலனியைச் சேர்ந்தவள். காலனிக் குழியை முதல் நாளே வெட்டிவிட்டாள் என்றார்கள். என் வயதுதான் இருக்கும், முப்பது. நாலடி ஆழத்தில் நின்றுகொண்டு கடப்பாறையை இறக்கினால் எனக்குக் காலடியில் அதிர்ந்தது. குழியின் அடியிலிருந்து ஒரு கட்டியை எடுத்து மேலே நீட்டினாள். நான் கேனிலிருந்து தண்ணீர் விட்டுப் பிசைந்தேன், நாடா இழுத்தேன், துளி எடுத்து வாயில் போட்டு அரைத்தேன்.

அட்டெண்டருக்கு அதைப் பார்த்தால் எப்போதும் கிண்டல்தான். "இன்னா மேடம், நாஸ்தா துன்னாம வந்துட்டீங்களா? மண்ண துன்னுகினு கீறீங்க!"

"வாய மூடிக்கினு புட்டிய எடுய்யா" என்றேன். குழிக்குள்ளிருந்து அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். யாரோ ஒருத்தியோடு சேர்ந்து சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அப்போதே தோன்றியது.

புட்டித் தண்ணீர் இரண்டு மணி நேரம் கழித்தும் கலங்கலாகவே இருந்தது. களி இருக்கிறது, நன்றாகவே நிற்கும் என்று குறித்துக்கொண்டேன். ஊர்ப் பெரிய வீடு ஒன்றில் எனக்கு மோர் கொடுத்தார்கள். இரண்டு டம்ளர் குடித்தேன்.

காலனி அங்கிருந்து ஒரு மைல், கடல் பக்கமாக. அட்டெண்டர் வரவில்லை. "நீங்க பூட்டு வந்துடுங்க மேடம், நான் பஸ்ஸண்ட மூட்டைய பாத்துக்கினு கீறேன்" என்று ஒதுங்கிக்கொண்டார். கேனை அவள் தலையில் வைத்துக்கொண்டாள். மணலில் கால் புதையப் புதைய நடந்தோம். நடந்துகொண்டே அவள் பேசினாள். புருஷன் வேலை தேடி மெட்ராஸ் பக்கம் போனவன், போனவன்தான். பிள்ளைகள் இல்லை. காலனியில் இப்போது எட்டு வீடு.

"குளம் வந்துட்ச்சின்னா எல்லாரும் இங்கியே இருந்துடுவாங்கம்மா. இல்லாங்காட்டி ஒவ்வொருத்தரா கெளம்பிடுவாங்க. ரெண்டு வூட்ல இப்பவே பேசிக்கினு கீறாங்க, சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் வேலை கெடைக்குதாம். கடைசில நான் ஒருத்திதான் இங்க கெடப்பேன், காத்துகூட பேசிக்கினு."

ஜாடிகளோடு பேசுகிறவள் நான். அவளிடம் அதைச் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் நான் அதிகாரியாக வந்திருந்தேன், அவள் கூலியாக வந்திருந்தாள். "பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னேன்.

தண்ணீருக்கு அவர்களுக்கு என்ன கஷ்டம் என்று நான் கேட்கவே இல்லை. ஒரு கிணறு கண்ணில் பட்டது. கோடையில் வற்றிவிடும் போலிருக்கிறது என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன்.

பங்குனி வெயில் மண்டையைப் பிளந்தது. குழியருகே பனைமர நிழலில் உட்கார்ந்ததும், அவள் வீட்டுக்குள் ஓடிப்போய் ஓர் அலுமினியச் சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தாள். சொம்பைச் சாம்பல் போட்டுத் தேய்த்திருந்தாள், பளபளவென்று இருந்தது. விளிம்பை முந்தானையால் ஒருமுறை துடைத்துவிட்டு நீட்டினாள்.

"குடிங்கம்மா. மூஞ்சே செவந்து பூட்ச்சி."

எங்கள் வீட்டில் தண்ணீருக்கு ஒரு சட்டம் இருந்தது. யார் கையால் குடிக்கலாம், யார் கையால் குடிக்கக் கூடாது என்று. நான் கல்லூரிக்குப் போனவள். அந்தச் சட்டத்தையெல்லாம் அம்மாவோடு சேர்த்து எரித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சொம்பு என் முகத்துக்கு நேரே வந்தபோது, என் கை நீளவில்லை. நான் யோசித்து மறுத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. யோசிக்க இடமே கொடுக்காமல் என் வாய் சொல்லிவிட்டது: "வேணாம், இருக்கட்டும். எங்கிட்ட இருக்கு."

கேனைத் தூக்கி அதிலிருந்த தண்ணீரைக் குடித்தேன். காய்ச்சி வடித்த தண்ணீருக்கு ருசியே கிடையாது. குடிக்கக் குடிக்கத் தாகம் அடங்கவே அடங்காது. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு சொம்பைப் பனையடியில், நிழல் விழுகிற பக்கமாகப் பார்த்து வைத்தாள்.

பைக்கு இரண்டு பிடி எடுத்துவிட்டு, புட்டியில் மண்ணைப் போட்ட பிறகுதான் கேனில் ஒரு மடக்குகூட மிச்சமில்லை என்று தெரிந்தது. காலையில் ஊரில் பாதி செலவு. மீதி என் வயிற்றில்.

"கொஞ்சம் தண்ணி வேணும்" என்றேன்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "குடிக்கவாம்மா?"

"இல்ல. மண்ணுக்கு."

அதே சொம்பை எடுத்துக் கொடுத்தாள். குடிக்க மறுத்த தண்ணீரை வாங்கிப் புட்டியில் ஊற்றினேன். மிச்சத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு மண்ணைப் பிசைந்தேன். விரலில் நன்றாக ஒட்டியது. நாடா மூன்று அங்குலம் ஒடியாமல் தொங்கியது. களி என்றது விரல். ஆனால் புட்டியில் அரை மணிக்குள் எல்லாம் கீழே இறங்கிவிட்டது. மேலே தண்ணீர் தெளிவாக, பின்னால் நின்ற பனைமரம் தெரிகிற அளவுக்குப் பளிச்சென்று இருந்தது. களி கிடையாது, மணலும் வண்டலும்தான் என்றது புட்டி.

இப்படி ஒரு சண்டை வந்தால் யாரிடம் போக வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஒரு துளி மண்ணை எடுத்தேன். வாய் வரை கொண்டுபோனேன். உதட்டுக்கு ஓர் அங்குலம் இருக்கும்போது கை நின்றுவிட்டது. அது அந்தச் சொம்புத் தண்ணீரில் பிசைந்த மண். ஜில்லாவில் பாதியைத் தின்றவள், அந்த ஒரு துளியை வாயில் வைக்கவில்லை. கையைக் கீழே இறக்கிப் புல்லில் துடைத்துக்கொண்டேன்.

அவசரத்தில் நடந்துவிட்டது என்று எழுதத் தோன்றுகிறது. பொய். பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி இருந்தது.

படிவத்தில் எழுதினேன்: மணற்பாங்கு, களி இல்லை, நீர் நிற்காது. அவள் எட்டிப் பார்த்தாள். படிக்கத் தெரியாது. "இன்னாம்மா, நம்ம மண்ணு நல்லாகீதா?" என்று கேட்டாள். "ஆபீஸ்ல சொல்லுவாங்க" என்றேன். அதுவும் ஒரு கோழைத்தனம்.

குளம் ஊருக்குத் தெற்கே வந்தது. அந்தக் கோடையிலேயே வெட்டி முடித்தார்கள். கூலிக்கு மண் சுமந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் காலனிக்காரர்கள் என்று அட்டெண்டர் யாரிடமோ கேட்டு வந்து சொன்னார். வெட்டியது அவர்கள்தான், ஆனால் தண்ணீர் மொள்ள அவர்களை விடவில்லையாம். "அது அப்டித்தான் மேடம்" என்றார். மண் என்ன சொன்னதோ அதைத்தானே எழுதினேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

தீபாவளிக்கு வர வேண்டாம், மாமனார் வீட்டுக்குப் போகிறோம் என்று அண்ணன் கார்டு போட்டிருந்தான். தீபாவளி காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுப்புடவை கட்டிக்கொண்டு, போக இடமில்லாமல் அறையில் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரம்மாள் ஒரு தட்டில் பலகாரம் கொண்டுவந்து வாசற்படியிலேயே வைத்துவிட்டுப் போனாள். தெருவெல்லாம் வெடிச் சத்தம். ஒன்பது மணிக்கு மேல் என்னால் அங்கே உட்கார முடியவில்லை. கூடத்தின் சாவி என்னிடம் ஒன்று இருந்தது. புதுப்புடவையோடு போய்க் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்துகொண்டேன். மனுஷி தீபாவளியன்று போகிற இடமா அது? எனக்கு வேறு இடமில்லை.

சும்மா இருக்க முடியாமல், ரிப்பேர் பார்த்து வந்திருந்த கலக்கும் மெஷினை ஓட்டிப் பார்த்தேன். தட்டின் மூலையிலிருந்து கைக்கு வந்த பழைய பையை எடுத்தேன். என் கையெழுத்தில் 'காலனி' என்று எழுதியிருந்தது. காய்ச்சி வடித்த தண்ணீரில் போட்டுக் கலக்கி ஜாடியில் ஊற்றி வைத்தேன். அரை மணியில் தெளிந்துவிடும் என்று எனக்குத் தெரியுமே.

தெளியவில்லை. ஒரு மணி நேரம் ஆயிற்று, இரண்டு மணி ஆயிற்று, ஜாடி டீத்தண்ணி மாதிரியே நின்றது. "என்னடி இது, எறங்கேன்" என்றேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தேன். அப்படியே இருந்தது. மறுநாள் காலையில் அதே புதுப்புடவையோடு வந்து பார்த்தேன். அப்படியே இருந்தது. சுத்தமான களி. குளம் வெட்டக் கடவுளே வந்து இடம் பார்த்தாலும் அந்த இடத்தைத்தான் காட்டியிருப்பார்.

பிறகு அன்றைக்குப் புட்டி ஏன் தெளிந்தது? ஜாடியைப் பார்த்தபடி நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். கொய்யாப்பழத்துக்குத் தொட்டுக்கொள்ள உப்பு ஒரு பொட்டலம் மேஜையில் வைத்திருப்பேன். அது கண்ணில் பட்டது. ஒரு சிட்டிகை எடுத்து ஜாடிக்குள் போட்டுக் கலக்கினேன். பால் திரிகிற மாதிரி தண்ணீருக்குள் பொட்டுப் பொட்டாகத் திரண்டது. திரண்டது பாரமாகிக் கீழே விழ ஆரம்பித்தது. அரை மணிக்குள் மேலே தண்ணீர் பளிச். உப்பு பட்டால் களித்தூள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கீழே போய்விடும், வண்டல் மாதிரி வேஷம் போடும். இது புத்தகத்தில் இருக்கிறது. பரீட்சையில் எழுதியிருக்கிறேன்.

சொம்புத் தண்ணீர் உப்பு. அந்தக் கிணறே உப்பு. அதனால்தான் அவர்கள் குளம் கேட்டார்கள். அதற்கு மேல் நினைக்க அன்று எனக்குத் தைரியம் வரவில்லை. புதுப்புடவையில் உப்பும் மண்ணுமாக, தலையில் கை வைத்துக்கொண்டு அழுதேன். கேட்க யாருமில்லாததால் சத்தமாகவே அழுதேன்.

லீவு முடிந்ததும் அதிகாரியிடம் சொன்னேன். கெட்ட மனுஷர் இல்லை அவர். ஜாடியைப் பார்த்தார், தலையைச் சொறிந்துகொண்டார்.

"குளம் வெட்டியாச்சேம்மா. அதுல தண்ணியும் நின்னுடுச்சு. இப்ப போய்த் தப்புன்னு எழுதினா உங்க வேலைக்கே உலை வெச்ச மாதிரி. விடுங்க."

நான் கத்தினேன். முன் அறையில் இருந்தவர்கள் எழுந்து வந்து பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். திருத்தம் எழுதி மேஜையில் வைத்தேன். அதை எடுத்து இழுப்பறையில் போட்டுக்கொண்டு, பொறுமையாக ஒன்று கேட்டார்.

"வாயில போட்டுப் பாத்தீங்களாம்மா, அன்னிக்கி?"

"பாத்தேன்" என்றேன்.

அதற்கப்புறம் நான் கத்தவில்லை. இழுப்பறை மூடியே கிடந்தது. கோபம் வந்தது உண்மை. கூடவே, அவர் மூடிவிட்டாரே என்று ஒரு நிம்மதியும் வந்தது. அதுவும் உண்மை.

ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் மழை அடித்துக் கொட்டியது. மார்கழியில் ஒரு தூறல் இல்லை. தை பிறந்து காணும் பொங்கலன்று, அறையில் இருப்புக் கொள்ளாமல், மாமல்லபுரம் பஸ்ஸில் ஏறிவிட்டேன். அன்றைக்கு யார்தான் அங்கே போக மாட்டார்கள்? கட்டுச்சோற்று மூட்டையும் கரும்புமாகக் குடும்பம் குடும்பமாக ஏறினார்கள். திருக்கழுக்குன்றத்தில் இன்னொரு கூட்டம் ஏறி மடியில் உட்காராத குறை. "நீங்க எத்தினி பேரும்மா?" என்று ஓர் அம்மாள் இடம் போடுவதற்காகக் கேட்டாள். "ஒருத்திதான்" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. கடற்கரையில் தலை தலையாகக் கூட்டம். அதை விட்டு விலகி மணலில் தனியாக நடந்தேன். ஒரு மைல் போனதும் சத்தமெல்லாம் அடங்கி அலைச் சத்தம் மட்டும் இருந்தது.

காலனியில் எட்டு வீட்டில் ஏழு வீடு கூரை இல்லாமல் நின்றது. கீற்றையும் மூங்கிலையும் பிரித்து எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். எட்டாவது வீட்டு வாசலில் அவள் பானை கழுவிக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா, இம்மாந்தூரம்? மண்ணு எடுக்கவா?"

"இல்ல. உன்னப் பாக்க வந்தேன்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். உட்காரச் சொல்லவில்லை. நானே பனைமரத்தடிக்குப் போனேன். குழியைப் பார்த்தேன்.

நான் மண் எடுத்த குழியை அவள் மூடவில்லை. இரண்டு ஆள் படுக்கிற அளவுக்கு அகலமாக வெட்டியிருந்தாள். சுற்றிலும் மணல் சரியாமல் பனைமட்டை அடித்திருந்தாள். மழை விட்டு ஒரு மாதமாகியும் அதில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. அடியில் களி பிடித்து வைத்திருந்தது.

அப்படியே மணலில் உட்கார்ந்தேன். "நான் எழுதினது தப்பு" என்றேன். "இங்க தண்ணி நிக்காதுன்னு எழுதினேன். தப்பா எழுதிட்டேன். அன்னிக்கி நீ குடுத்த தண்ணில உப்பு இருந்துச்சு. உப்பு இருந்தா புட்டில களி தெரியாது. எனக்கு அது உப்புத் தண்ணின்னு தெரியல."

அவள் என் பக்கத்தில் வந்து குந்தினாள். கோபம் இருந்த மாதிரி தெரியவில்லை. இருந்திருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும்.

"ஒரு வாய் குடிச்சிருந்தா தெரிஞ்சிருக்குமே" என்றாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எனுக்கு அன்னிக்கே தெரியும், இது வராதுன்னு. ஊர்ல தோண்டுனதும் நான்தான? அங்க மண்ண வாயில போட்டு மென்னுக்கினு இருந்தே. இங்க வாயண்ட கொண்டாந்துட்டு, அப்டியே புல்லுல தொடச்சிட்டே. நான் பாத்துக்கினுதான் இருந்தேன்."

'நீங்க' போய் 'நீ' ஆகியிருந்தது. அதில் எனக்கு வருத்தமில்லை. அந்த ஊரில் என்னிடம் மரியாதை இல்லாமல் பேச உரிமை உள்ளவள் அவள் ஒருத்திதான்.

"எல்லாரும் எப்பப் போனாங்க?"

"ஆடிலேர்ந்து ஒவ்வொரு வூடா பூட்டாங்க. மழைக்கு முன்னாடி கடைசி வூடு போச்சி. மழை பெஞ்சி இதுல தண்ணி நின்னப்ப, ஓடிப்போய் சொல்லலாம்னு பாத்தேன். யாருகிட்ட சொல்றது?" என்று கூரையில்லாத வீடுகளைக் கையால் காட்டினாள். "காத்துகிட்டதான் சொன்னேன்."

"நானும் அப்படித்தான்" என்றேன். "அங்க ஜாடிங்களோட பேசிக்கிட்டு இருப்பேன்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்பது மாதத்துக்கு முன்னால், மணலில் நடந்து வரும்போது சொல்லியிருக்க வேண்டியதை இப்போது சொல்லி என்ன பிரயோசனம்? ஏழு வீட்டுக்காரர்கள் போயாகிவிட்டது. தூரத்தில் மாமல்லபுரத்துப் பக்கமிருந்து ஊதல் சத்தமும் பிள்ளைகள் கூச்சலும் காற்றில் விட்டு விட்டு வந்தன. வெயில் ஏறிவிட்டது. காலையிலிருந்து நான் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் வந்திருந்தேன். தொண்டை ஒட்டிக்கொண்டது. அன்றைக்குப் போல அவளாக எழுந்து உள்ளே ஓடுவாள் என்று ஒரு நப்பாசை இருந்தது. எவ்வளவு நேரம் காத்திருந்தேன் என்று தெரியாது. அவள் எழவில்லை.

கடைசியில் நானே கேட்டேன். "கொஞ்சம் தண்ணி குடு."

அவள் எழுந்து வீட்டு வாசல் வரைக்கும் போனாள். அலுமினியச் சொம்பைக் கையில் எடுத்தாள். பிறகு திரும்பி நின்று கேட்டாள். குத்திக் காட்டுகிற குரல் இல்லை. கிணற்றுத் தண்ணீரா குழித் தண்ணீரா, எதை மொள்ளுவது என்று தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்டாள்.

"மண்ணுக்கா, குடிக்கவா?"

"குடிக்க" என்றேன்.

அவள் குழியருகே வந்து, குனிந்து, சொம்பை முக்கினாள்.